ஸ்பீக்கருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டு ஸ்பீக்கர் இரண்டையும் ரிப்பேருக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அதில் ஒன்றின் உள்ளே நான் குங்குமம் வைத்தேன். பக்தியால் இல்லை. திருடனைப் பிடிக்க.

ஸ்பீக்கர் என்றால் என் பேரன்கள் கையில் வைத்துக்கொண்டு திரிகிற சோப்பு டப்பா இல்லை. இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். வீட்டுக்காரர் பெங்களூர் பீன்யாவில் தகடு அடிக்கிற கம்பெனி ஒன்றில், பிரஸ் மெஷின் முன்னால் நின்று நின்றே ரிட்டயர் ஆனவர். அங்கே மேனேஜராக இருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது, கூடவே தூக்கிக்கொண்டு போக முடியாமல் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் ஹாலில் சோபா போட இடம் கிடையாது. வருகிறவர்கள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, ஸ்பீக்கருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவ்வளவு பெரிய பெட்டியில் அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேசட்தான். நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அங்கே மார்கழி மாதம் சுரங்க லைன் வீடுகளைச் சுற்றிவரும் பஜனை கோஷ்டியில் இவரும் இருந்தார். பாட்டு வராது; அதனால் கையில் ஜால்ராவைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் யாரோ டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து அந்தப் பஜனையைப் பதிவு செய்தார்கள். அதில் பாடினவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர் ஜால்ரா மட்டும் இன்னும் அதில் ஜல்ஜல்லென்று நடந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளாக இருந்தாலும், கேசட்டைப் போட்டு, "இது நான்" என்று காட்டுவார்.

அந்த ஜால்ராதான் போன வருஷம் காணாமல் போனது.

"ஏய், ஸ்பீக்கர் போச்சு," என்றார் ஒரு நாள். "ஒரே கரகரன்னு வருது. என் ஜால்ராவே இல்ல."

கரகர என்பது உண்மை. முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தால், பெரிய கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம் பழைய ரஸ்க் மாதிரி பொடியாகிக் கொட்டியது. ஜால்ரா இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேசட் ஓட ஆரம்பித்ததும் மிக்ஸி போடுவது என் வழக்கம்.

பழைய ஸ்பீக்கர்களை மட்டுமே சரி பண்ணுகிற ஒரு பாயை எங்கேயோ விசாரித்து வீட்டுக்கு வரவழைத்தார். பாய் வந்தார், பின்பலகையைக் கழற்றினார், டார்ச் அடித்துப் பார்த்தார், பெட்டியை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பலாப்பழம் வாங்குகிறவர்கூட அவ்வளவு தட்ட மாட்டார்.

"பஞ்சுதான் போயிருக்கு சார், வேற ஒட்டிடலாம். மேல கீற சின்ன ஸ்பீக்கர் ரெண்டும் ஒரிஜினல். நைசான சத்தமெல்லாம் அதுலதான் வரும். இந்த மாதிரி சரக்கு இப்ப வர்றதே இல்ல மா, பத்திரமா வெச்சுக்குங்க."

பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு ஆட்டோ கொண்டுவந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார் மனிதர். எனக்கு எப்படியிருக்கும்? போதாததற்கு, டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, "உங்க கையில நல்ல ருசி மா," என்றார். என் டீயை இதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன், இந்த ஆள் சரியில்லை.

அதற்காகத்தான் குங்குமம். இரண்டு பெட்டியிலும் வைத்தால் ஆயுத பூஜைப் பொட்டு என்று கண்டுபிடித்து, மாற்றினதிலும் வைத்துவிடுவார். அதனால் ஜன்னல் பக்கத்துப் பெட்டியில் மட்டும், சின்ன ஸ்பீக்கரின் முதுகில், ஓரமாக ஒரு பொட்டு. மாற்றினால் பொட்டு இருக்காது. பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கினவள்தான் நான். ஆனால் போலீஸில் சேர்த்திருந்தால் இந்நேரம் பெரிய ஆபீசர்.

பெட்டிகள் போய், பளபளவென்று பாலிஷ் போட்டுத் திரும்பி வந்தன. வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கேசட்டை முன்பு நின்ற இடத்திலிருந்தே ஓட விட்டார். கரகர போயிருந்தது. மிருதங்கம் நெஞ்சில் வந்து இடித்தது. இவர் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. எழுந்து போய்ச் சின்ன ஸ்பீக்கருக்கு நேரே காதை வைத்தார்.

"மாத்திட்டான்," என்றார். "ஒரிஜினல எடுத்துக்குனு ஏதோ டப்பாவ மாட்டிட்டான். என் ஜால்ரா இல்ல."

அவர் போட்ட ஜால்ரா அவருக்குத் தெரியாதா? நான் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து நீட்டினேன். ஜன்னல் பக்கத்துப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். பொட்டு இருந்தது. எனக்குச் சப்பென்று போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த பெட்டியையும் திறக்கச் சொன்னேன்.

அதிலும் பொட்டு. அதே ஓரத்தில். அதே அளவில்.

"ஐயோ, கள்ளப் பொட்டு!" என்று கத்திவிட்டேன்.

"இன்னா பொட்டு?"

விஷயத்தைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எப்ப வெச்ச?"

"நீங்க குளிக்கறப்ப."

"கூடவே இருந்துக்குனு இன்னா வேலடி பண்ற நீ! எனக்கு எங்கெங்க பொட்டு வெச்சிருக்கியோ!" என்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டையும் மாத்திட்டு, ரெண்டுக்கும் பொட்டு வெச்சிருக்கான். வா, தெருவுல நிக்க வெச்சு கேக்கறேன். இனிமே ஒருத்தன் அவன் கிட்ட ஸ்பீக்கர் குடுக்கக் கூடாது," என்றார்.

பெட்டிகளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். பாயின் கடை மார்க்கெட்டை ஒட்டின ஒரு சந்தில். பக்கத்தில் பூக்கடை, எதிரில் டீக்கடை. வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் டம்ளரோடு வந்து நின்றார்கள். பாய் கையில் இருந்த பிரஷைக் கோந்து டப்பாவில் வைத்துவிட்டு, இவர் ஓயட்டும் என்று நின்றார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

நான் உள்ளே புகுந்தேன். "பாய், நான் ஒரு பொட்டுதான் வெச்சேன். ரெண்டாவது பொட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான்தான் மா வெச்சேன்."

டம்ளரோடு நின்றவர்கள் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார்கள்.

"கழட்டறப்ப பாத்தேன். ஒண்ணுல பொட்டு கீது, ஒண்ணுல இல்ல. பூஜைக்கு வெச்சது உதிர்ந்துடுச்சு, நம்ம கையில வந்து உதிர்ந்ததா பேரு வேணாம்னு நெனச்சேன். பூக்கடை அக்கா கிட்ட வாங்கி, அதே இடத்துல வெச்சேன். ஜோடின்னா ஜோடியா இருக்கணும் இல்ல?"

பூக்கடைக்காரி கட்டிக்கொண்டிருந்த மாலையை விடாமலே சொன்னாள்: "ஆமா, நான்தான் குடுத்தேன். பாய்க்கு எதுக்கு குங்குமம்னு கேட்டேன். 'ஸ்பீக்கருக்கு அக்கா'ன்னாரு. நான் ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நம்பிவிடுவேனா? பின்பலகையைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். என் சிமிழில் இருப்பது எங்கள் ஊர் அம்மன் கோயில் குங்குமம், வைத்து நாளானால் கறுத்துவிடும். ஜன்னல் பக்கத்துப் பெட்டியில் இருந்தது அந்தக் கறுப்பு. இன்னொன்றில் பூக்கடை டப்பாவில் இருக்கிற பளீர் சிவப்பு. டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். என் பொட்டுதான்.

"இது நம்மளுதுங்க," என்றேன் மெதுவாக.

"அப்ப என் ஜால்ரா எங்க?"

பாய் கையை நீட்டினார். "கேசட் குடுங்க சார்."

இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாய் பெட்டிகளுக்கு ஒயர் மாட்டிவிட்டு, கேசட்டை முதலிலிருந்து ஓட விட்டார். அந்தப் பஜனை எப்படித் தொடங்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சந்தில் மிக்ஸி இல்லை. முதலில் பாட்டும் இல்லை, மிருதங்கமும் இல்லை. ஜால்ரா மட்டும் தனியாக. ஜல்... ஜல்... ஜல்ஜல். பனியில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு வருகிற மாதிரி அவ்வளவு தெளிவாக. டீக்கடைக்காரர்கூடத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாயைப் பார்த்து, "போடுங்க பாய். இன்னும் இன்னாத்துக்கு லேட்டு?" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

குக்கர் ஹாலே அதிரக் கத்தின பிறகும், "இன்னும் விசில் வரலியா?" என்று கேட்பாரே, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வேலை சொல்லிவிடுவேன் என்று நடிக்கிறார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? பாயைச் சந்தேகப்பட்டேன், டீயைப் புகழ்ந்ததைச் சந்தேகப்பட்டேன், இவர் நடிப்பைச் சந்தேகப்பட்டேன். ஆயுசு முழுக்க அவர் காதருகே இடித்த அந்தப் பிரஸ் மெஷினை மட்டும் சந்தேகப்படவில்லை.

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் இவர் மாறி மாறிப் பார்த்தார். டீக்கடைக்காரரின் தலை ஆடுவதைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, சின்ன ஸ்பீக்கரின் மேல் விரல் நுனியை வைத்தார். அங்கேயே வைத்திருந்தார்.

"ஓடுதா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓடுதுங்க."

"நான் போடறனா?"

"நீங்கதான். தாளம் தப்பாம போடறீங்க."

நிமிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்து, வந்தபோது போட்ட அதே சத்தத்தில், "ஸ்பீக்கர் நல்லாத்தான் கீது. பாய் ஒண்ணும் மாத்தல. நான்தான் தப்பா பேசிட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். பாய் அவர் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, டீ சொன்னார். அந்த டீயை நான் வாய் நிறையப் புகழ்ந்தேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

காது டாக்டரிடம் போய்ப் பார்த்தோம். மெஷின் வைத்துக்கொண்டால் கேட்கும் என்றார். வீட்டுக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் சிரித்த முகமாகப் பேசினாராம், அதனால் சந்தேகமாம். என்னோடு இருந்து இருந்து தொற்றிக்கொண்டது.

அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கிறோம். சாயங்காலம் அவர் கேசட் போட்டால் நான் மிக்ஸி போடுவதில்லை. பிளாஸ்டிக் சேரை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஜால்ரா விழுகிற இடத்திலெல்லாம் அவர் முட்டியில் விரலால் தட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு, கை இரண்டும் தானாக அசைய, கேட்கிறார்.

நடுநடுவே வேண்டுமென்றே தப்பாக ஒரு தட்டு தட்டுவேன். உடனே கண்ணைத் திறப்பார்.

"இங்க நான் போட்டிருக்க மாட்டனே?"

"போட்டிருக்கீங்க. நான் கேட்டேன்."

டீயைப் புகழ்ந்த அன்றைக்கு நான் பாயைச் சந்தேகமாகப் பார்த்தேனே, அதே பார்வை பார்ப்பார் என்னை. நான் முகத்தை அசைக்காமல் அடுத்த தட்டுக்கு விரலைத் தூக்குவேன்.