அம்மா புக்கிட் பாத்தோக் போன சனிக்கிழமைகள்

அப்பா வேலை பார்த்த புடவைக் கடையின் முதலாளி தெம்பனீஸில் ஒரு கிளை திறக்கப்போவதும், அதன் பொறுப்பை அப்பாவிடம் கொடுக்க நினைத்ததும், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டதும் அம்மாவுக்குக் கோயிலில் வைத்துத்தான் தெரியவந்தது. முதலாளியின் மனைவி பொங்கல் வாங்கிக்கொண்டே போகிற போக்கில் சொல்லிவிட்டார். அம்மா அங்கே சிரித்து வைத்தாள். தோ பாயோ கோயிலிலிருந்து பிடோக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா சத்தம் போட்டால் பயம் இல்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

அம்மாவால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. பகலில் ஒரு மருந்தகத்தின் கவுன்டரில் வேலை. அது போக கேக் ஐசிங் கற்றாள், தையல் கற்றாள், சமூக மன்றத்தில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போனாள். கார் வாங்கும் எண்ணமே இல்லாத எங்கள் வீட்டில் கார் ஓட்டும் உரிமம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். கொஞ்ச காலம் ஆனதும் ஒவ்வொன்றும் அலுத்துவிடும். கேக் அச்சுகளும் தையல் இயந்திரமும் ஸ்டோர் ரூமுக்குள் போய்ச் சேர, அவள் புதிதாக ஒன்றைத் தேடிக் கிளம்பிவிடுவாள். அப்பாவோ கல்யாணத்துக்கு முன்பு எந்தக் கடையில் எந்தக் கவுன்டரில் நின்றாரோ அதே இடத்தில் நின்றார். மாலையில் வந்து குளித்து, தேநீரை ஆற்றிக் குடித்து, சன்னலோரம் உட்கார்ந்து கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்ப்பார். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

அன்று சாயங்காலமும் அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏங்க வேணாம்னு சொன்னீங்க?"

"இருக்கிறது நல்லாத்தானே இருக்கு."

"யாருக்கு நல்லா இருக்கு?"

அப்பா யோசித்தார். அவர் யோசிக்கும்போது அம்மாவுக்கு இன்னும் கோபம் வரும். "எல்லாருக்கும்தான் லா," என்றார்.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு மிகவும் நிதானமாக, "சரி. நீங்க இப்படியே இருங்க. நான் போறேன்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் அறைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு கணக்கும் ஓடவில்லை. என் வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டிருந்தார்கள். வாரநாளில் ஒரு வீடு, வாரக்கடைசியில் ஒரு வீடு என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரிவாள். அவளுடைய அம்மாவும் இப்படித்தான் நிதானமாகச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அம்மா காலையிலேயே கிளம்பினாள். புதுக் கான்வாஸ் சப்பாத்து. புடவையோ சுரிதாரோ இல்லை, கால்சட்டை. "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டதற்கு, "வேலை இருக்கு" என்றாள். மருந்தகத்துக்கு அவள் சனிக்கிழமை போவதில்லை. மதியத்துக்கு மேல் வியர்த்து, களைத்து, ஏதோ உள்ளுக்குள் எண்ணியபடியே திரும்பி வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதேதான். சோறு வடிக்கும்போது அவளுடைய இடது கால் தன்பாட்டுக்குத் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது. நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. அப்பா எதையும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதருக்கு இது கூடவா தெரியாது?

தீபாவளி நெருங்கிய ஒரு சனிக்கிழமை அத்தை முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தாள். வழக்கத்தைவிடப் பெரிய பை. அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாராவாரம் எங்க போறா உங்கம்மா? என் தம்பிக்கு ஒண்ணும் தெரியறதில்ல," என்றார். பிறகு முறுக்கு டின்னைத் திறந்துவைத்துத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்.

எனக்கு அதற்கு மேல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கீழே கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு அப்பாவின் புடவைக் கடைக்கு ரயிலேறிவிட்டேன். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல்முறை. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுவது போல இருந்தது. ஊட்ரம் பார்க்கில் வண்டி மாறும்போது நகரும் படிக்கட்டிலும் ஓடினேன். அப்பாவிடம் சொல்லிவிட்டால் போதும், அவர் ஓடிப்போய் அம்மாவைத் தடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சிராங்கூன் சாலையில் தீபாவளிக் கூட்டம். கடைக்குள் நுழையவே இடமில்லை. இடுப்புகளுக்கும் பைகளுக்கும் நடுவே புகுந்து போனபோது அப்பா கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவை ஒன்றைத் தன் தோளில் போட்டு முந்தானையை விரித்து, ஒரு அம்மாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நிறம் அவருக்கு நன்றாகவே இருந்தது.

"அப்பா, அம்மா போயிட்டாங்க."

சொல்லி முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது. புடவை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா தோளிலிருந்த புடவையை எடுத்து மடித்து வைத்தார். அவசரப்படாமல் மடித்தார். பிறகு என்னைக் கவுன்டருக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குனிந்து, "புக்கிட் பாத்தோக்குக்குத்தானே?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"அங்க டிரைவிங் ஸ்கூல்ல உங்கம்மா பஸ் ஓட்டக் கத்துக்கறா. வீட்டுப் பக்கம் யாரும் பார்த்துடக் கூடாதுன்னு அவ்வளோ தூரம் போறா. கடைக்கு வர்ற ஒரு தம்பி அங்க லாரி பழகறான். அவன் பார்த்துட்டு வந்து சொன்னான்."

"அம்மா உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லாத."

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். முதலாளியிடம் போய் மதியம் வரை விடுப்புக் கேட்டார். தீபாவளி நேரத்துச் சனிக்கிழமையில், காய்ச்சலுக்குக்கூட விடுப்பு எடுக்காத மனிதர். முதலாளி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாங்கள் சாலையில் இருந்தோம். அப்பா கைகாட்டி டாக்சியை நிறுத்தினார். நாங்கள் டாக்சியில் போகிறவர்கள் அல்ல.

பயிற்சித் திடலைச் சுற்றிக் கம்பிவேலி இருந்தது. வெளியே ஒரு மரத்தடியில் நின்றோம். உள்ளே ஒரு காலிப் பேருந்து மெல்ல ஊர்ந்தது. அதன் பெரிய கண்ணாடிக்குப் பின்னால், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தது போல அம்மா. அவ்வளவு சின்ன உருவமா அம்மா என்று இருந்தது. பேருந்து பின்பக்கமாக ஒரு வளைவில் திரும்பி, வரிசையாக நின்ற ஆரஞ்சுக் கூம்புகளில் ஒன்றைச் சாய்த்தது. பயிற்றுநரான சீன முதியவர் கீழே நின்று கையை ஆட்டிக் கத்தினார். கூம்பை நிமிர்த்தி வைத்தார். அம்மா மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வண்டியைக் கொண்டுபோனாள். மறுபடி சாய்த்தாள். மறுபடியும் கொண்டுபோனாள்.

அம்மா எங்கும் போய்விடவில்லை என்ற நிம்மதி எனக்குச் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அடுத்தாற்போல், கடையில் அழுததை நினைத்து வெட்கம் வந்தது. இதுவும் ஸ்டோர் ரூமுக்குத்தான் போகும், ஆனால் பேருந்தை எப்படி வைப்பது என்று யோசித்தேன். பிறகு கால் வலித்தது. கொசு கடித்தது. அப்பா மட்டும் அசையவே இல்லை. அவருடைய விரல்கள் கம்பிவேலியின் ஓட்டைகளுக்குள் நுழைந்து இறுகியிருந்தன. பேருந்து வளைவுக்கு வரும்போதெல்லாம் அவர் உடம்பும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அம்மா அடிக்கடி கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். "அப்பா, உங்களுக்குன்னு எந்த ஆசையுமே கிடையாதா?"

"இருக்கே."

"என்ன?"

"அந்தக் கூம்பு விழாம இருக்கணும்," என்றார், பேருந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேலி செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூம்பு விழுந்தது. அப்பா உச்சுக்கொட்டினார்.

என்னை வீட்டில் விட்டுவிட்டு அவர் கடைக்குத் திரும்பினார். அத்தையிடம் ஏதோ ஒரு கதை சொன்னார். அம்மா வந்ததும் நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்பது பதினொரு வயதில் ஒரு ரகசியத்தை வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் தேர்வில் அம்மா தோற்றாள் என்பதை, அவள் பாத்திரம் கழுவிய சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். அன்று அப்பா தானே எழுந்துபோய்த் தேநீர் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சன்னலுக்குத் திரும்பினார். அடுத்த முறை தேறிவிட்டாள். பேருந்து நிறுவனத்தில் வேலையும் கிடைத்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அப்படியா?" என்றார் அப்பா. கண்ணை அகல விரித்தார். மோசமான நடிப்பு. "பஸ்ஸா? பரவாயில்லையே!"

"அவ்வளோதானா?" என்றாள் அம்மா. அவள் முகம் சற்று வாடியது. பிறகு என்னிடம் திரும்பி, "பாத்தியா, இந்த மனுஷனுக்கு எதுலயும் ஒரு துடிப்பு இல்ல," என்றாள்.

எனக்கு வெடித்துவிடும் போல இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று.

அம்மா பேருந்திலும் நிலைத்துவிடவில்லை. சில வருடங்கள் ஓட்டினாள், பிறகு பயிற்றுநரானாள், பிறகு அதுவும் அலுத்தது. இன்றைக்கும் ஏதோ ஒரு வகுப்பில் இருக்கிறாள். நானும் அவள் பெண்தான். வேலை மாறிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு முறை மாறும்போதும் வீட்டில் யார் சும்மா இருந்து எனக்கு இடம் விடுகிறார்கள் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். அந்த வயதில் அப்படியெல்லாம் யோசிக்கத் தெரியவில்லை.

அம்மா முதன்முதலாகத் தனியாகப் பேருந்து ஓட்டிய அன்று பள்ளி விடுமுறை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு அடுத்த நிறுத்தத்தில் போய் நின்றார். அவருடைய கடைப் பக்கம் போகும் பேருந்துகள் வந்தன. ஏறவில்லை. கடைசியில் அம்மா ஓட்டிய பேருந்து வந்தது. சீருடையில், நேராகச் சாலையைப் பார்த்தபடி. நான் கை தூக்கினேன். அப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, நிறுத்தத்தின் விளம்பரப் பலகைக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டார். எல்லாரும் ஏறினார்கள். கதவு மூடியது. அம்மா கண்ணாடியைப் பார்த்து, தோளுக்குப் பின்னால் பார்த்து, வண்டியை எடுத்தாள். அது சாலைக் கோடியில் மறையும்வரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன்பா ஏறல?"

"நம்மளப் பார்த்தா பதறிடுவா."

"அப்போ எதுக்கு வந்தோம்?"

அப்பா சிரித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வேலைக்குத் தாமதமாகிவிட்டது, எனக்கு ஒரு காலை வீணாகிவிட்டது. ஒன்றுமே நடக்காத ஒரு விஷயத்துக்காக இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் எப்படி நிற்க முடியும் என்று எரிச்சலோடு வீட்டுக்கு நடந்தேன்.