சித்தி ஐந்து ஆட்டங்களிலும் தோற்ற வருடம்

கள்ளிக்குப்பத்தில் பேஸ்பால் என்கிற ஆட்டத்துக்காகக் கவலைப்பட்ட ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடம் எங்கள் அணி ஐந்து ஆட்டங்கள் ஆடி ஐந்திலும் தோற்றது. கடைசி ஆட்டத்தைத் தவிர மற்ற எதிலும், கொஞ்சத்தில் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளும்படிகூடத் தோற்கவில்லை.

எங்கள் அணி என்றால் சித்தியின் கல்லூரி அணி. சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி சென்னீர்குப்பத்துக்குப் போனவள், ஏழே மாதத்தில் இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் வாயில் சூடு போடுவேன் என்று அம்மா சொல்லியிருந்ததால் நான் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பக்கத்தில் படுத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்ததே என்றிருந்தது. ஆனால் சித்தி எந்நேரமும் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருப்பாள். சாப்பிடுகிறாயா என்றால் "சரி". அப்புறம் சாப்பிடுகிறாயா என்றாலும் "சரி". டிவியை நிறுத்தட்டுமா என்றால் அதற்கும் "சரி". இப்படிப்பட்டவளிடம் எதையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று கண்டுகொண்ட நான், அவளுடைய கிளிப்புகளையும் வளையல்களையும் ஒவ்வொன்றாக என்னுடையதாக்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பைத் தொடரட்டும் என்று அப்பாதான் அவளை ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்த்தார். அங்கே பேஸ்பால் அணியில் ஓர் ஆள் குறைந்தது. விளையாட்டு மேடம் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த சித்தியை நிறுத்தி, விளையாட வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். சித்தி வழக்கம்போல "சரி" என்று சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டு வீராங்கனை ஆனது அப்படித்தான்.

மறு வாரமே நாங்கள் ரசிகர்கள் ஆனோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் அண்ணனான பெரிய மாமா. மாமாவுக்கு ஊர் செம்பரம்பாக்கம். நிலம் பிளாட்டுகளாகிப் போன பிறகு, அங்கே வந்த குடோன்களுக்குக் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியின் பின்னால் பாய் விரித்து அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொள்வார்; அப்பாவும் சித்தியும் முன்சீட்டில். போகும் வழியிலேயே விதிமுறைகளை விளக்குவதும் அவர்தான். எங்கே கற்றுக்கொண்டார் என்று தெரியாது.

"ஒண்ணுமில்ல மாப்ள. அடிச்சிட்டு மட்டையத் தூக்கிக் கடாசிட்டு ஓடணும். நடுவுல மூணு ஸ்டாப்பிங் கீது. மூணையும் சுத்திகினு, கெளம்புன ஊட்டுக்கே திரும்பி வந்தா ஒரு ரன்னு."

சொல்லி முடித்த பிறகுதான், அப்பாவுக்குப் பக்கத்தில் சித்தியும் இருப்பது அவருக்கு உறைத்தது போல. மாமா திடீரென்று சாலையை ரொம்பக் கவனமாகப் பார்த்து ஓட்டினார்.

சித்தி கேட்சர். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தில் கம்பிக் கூண்டு மாட்டிக்கொண்டு, கால்களை மடக்கிக் குந்தியிருப்பாள். பந்து பாதி நேரம் அவளைத் தாண்டிப் போகும். எழுந்து பின்னாலேயே ஓடுவாள். முதல் ஆட்டம் முழுக்க அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். அப்பா மட்டும் எல்லாவற்றுக்கும் கை தட்டினார். எதிரணி ரன் எடுத்தபோதும் தட்டினார்.

நானோ பள்ளியில் பெருமையடித்து வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு ஜெயித்துவிடுவோம் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்லி, தோழிகள் என்னைப் பார்த்தாலே சிரிக்கும் நிலைக்கு வந்திருந்தது. கடைசி ஆட்டத்துக்கு நான் போனது அந்த ஆத்திரத்தோடுதான்.

அதிசயமாக அன்று கடைசிவரை சமமாகவே போயிற்று. எதிரணிப் பெண் ஒருத்தி மூன்றாவது ஸ்டாப்பிங்கில் தயாராக நின்றாள். சித்தி குந்தியிருக்கும் இடத்துக்கு அவள் வந்து சேர்ந்தால் நாங்கள் தோற்றோம். பந்து உயரப் போனது. எங்கள் பெண் தூரத்தில் அதை எடுத்து வீசினாள். அங்கிருந்து பந்து வருகிறது, இங்கிருந்து அவள் ஓடி வருகிறாள், நடுவில் சித்தி. பந்து சித்தியின் கையுறையில் பட்டுக் கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

புங்கமரத்தடியில் பாயைப் போட்டுப் புளிசாதத்தைப் பிரித்தோம். வருடம் முழுவதற்குமான ஆராய்ச்சி அங்கே நடந்தது. பௌலிங் சரியில்லை என்றார் மாமா. அந்தப் பெண்களைச் சரியாகச் சாப்பிட விடுவதில்லை என்றாள் அம்மா. நன்றாகத்தான் ஆடினார்கள் என்றார் அப்பா. அப்போது சித்தி முட்டியெல்லாம் செம்மண்ணாக வந்து நின்றாள். எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தைகள் வந்தனவோ தெரியவில்லை.

"உன்னாலதான் தோத்தோம். நீ ஊட்லயே செவுத்தப் பாத்துகினு படுத்து இருந்திருக்கலாம்."

புளிசாதத்தோடு மாமாவின் கை பாதியில் நின்றது. அம்மா என்னை அறையக் கை ஓங்கினாள். அதற்குள் சித்தி என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாடி சொன்ன? என்னாலயா? பால் எங்க வந்துச்சு, நான் எங்க நின்னுகினு இருந்தேன்? கண்ணு தெரியல உனக்கு?"

"கையில பட்டுச்சு. நான் பாத்தேன்."

"பட்டா? பட்டா புடிச்சிட முடியுமா? நீ வந்து நில்லுடி அங்க! மூஞ்சில கூண்ட மாட்டிகினு, எதிர்க்க ஒருத்தி எரும மாதிரி ஓடியாந்துகினு இருக்கா, நீ புடி பாக்கலாம்! தப்பா வீசுனவ அவ, பேரு எனக்கா? நான் ஒத்துக்க மாட்டேன். யார் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்! அப்புறம், கேக்க மாட்டேன்னுதானே என் வளையல எல்லாம் எடுத்து மாட்டிகினு திரியற? ஊட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் கழட்டி வைக்கற!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், மெதுவாகப் பேசு என்று எப்போதும் சொல்கிற அம்மா, ஓங்கிய கையைத் தன் வாயில் வைத்து மூடிக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. நான் செய்த தப்பு அவ்வளவு பெரியது போலிருக்கிறது என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

சத்தம் கேட்டு விளையாட்டு மேடம் வந்தார். "சாரி சார். வாராவாரம் குடும்பத்தோட வர்றீங்க. ஒரு மேட்சாவது ஜெயிச்சுக் காட்டணும்னு பாத்தேன், முடியல. கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க, அடுத்த வருஷம் வேற பொண்ணப் பாத்துக்கறேன்."

அப்பா எழுந்தார். கோயிலில்கூட ஒற்றைக் கையை நெஞ்சில் வைப்பதோடு சரி என்றிருப்பவர், அந்த அம்மாளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். நீங்க நல்லா இருக்கணும். அடுத்த வருஷமும் எங்க பொண்ணச் சேத்துக்கணும்."

சித்தி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒரு பள்ளியில் ஆசிரியை. அவள் போடுகிற சத்தத்துக்கு அந்தப் பள்ளியே அடங்கும் என்கிறார்கள். வராந்தாவில் அவளை நிறுத்திய அந்த மேடத்தை நினைத்து நானும் பலமுறை மனதுக்குள் கைகூப்பியிருக்கிறேன்.

அன்று அதெல்லாம் தெரியாது. திரும்பும்போது குட்டி யானையில் அம்மா என்னை அடிப்பாள் என்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். அவளோ என்னை இழுத்து மடியில் போட்டுத் தலையைக் கோதிக்கொண்டே வந்தாள். சித்தி முன்னால் உட்கார்ந்து, பந்து எத்தனை அடி தள்ளி வந்தது என்று மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்திலும் தோற்றுவிட்டு இவர்கள் எதற்கு இப்படிச் சந்தோஷமாக இருக்கிறார்கள், அடுத்த வருஷமும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அப்பா ஏன் கெஞ்சினார், இன்னொரு வருஷம் முழுக்கத் திங்கட்கிழமைகளில் நான் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது என்பதுதான் எனக்கு ஒரே கவலையாக இருந்தது.