ஒரு ஆள் மிச்சம்

போன வாரம் படப்பையில், மகளின் பள்ளிக்கு எதிர்க்கடையில் பொம்மைக் களிமண் ஒரு டப்பா வாங்கினேன். இரண்டாம் வகுப்புக்காரி நாய் செய்து எடுத்துப் போக வேண்டுமாம். மூடியைத் திறந்ததும் மெழுகும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வந்தது பாருங்கள், கையிலிருந்த காபி ஆறியே போய்விட்டது. மகள் செய்த நாய் பன்றி மாதிரி இருந்தது. நான் திருத்திக் கொடுத்தேன், எருமை ஆயிற்று. "சம்பத் இருந்திருந்தா நல்லா செஞ்சிருப்பான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "யாருப்பா சம்பத்?" என்றாள். அவளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் சமாளிக்க வேண்டியதில்லை.

டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டிரெய்னியாக இருந்த காலம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் ஆறு பேர் படுத்துக் கிடந்தோம். செய்யாறு பக்கத்துப் பையனான சம்பத்தும் அதே கம்பெனியில் டிரெய்னி; எனக்கு அடுத்த பாய் அவனுடையது. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அவனிடம் இருந்தது. பாதி எழுத்துகள் உதிர்ந்துபோன அந்த லேப்டாப்பில்தான், யாரோ பென் டிரைவில் கொடுத்த பிரிட்டிஷ் களிமண் பொம்மைப் படங்களைப் பார்த்தோம். எதற்கெடுத்தாலும் ஓர் இயந்திரம் செய்து வைத்து மாட்டிக்கொள்ளும் ஒரு கண்டுபிடிப்பாளர், அவரோடு ஒரு நாய். அவர் பேசும் ஆங்கிலம் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. நாய் பேசவே பேசாது. ஆகவே நாயின் முகத்தைப் பார்த்தே முழுக்கதையையும் தெரிந்துகொண்டோம்.

"வாயே இல்லபா அதுக்கு. புருவத்த வெச்சிக்கினே இன்னா நக்கல் பண்ணுது பாரு" என்பான் சம்பத். நல்ல கட்டத்தில் படத்தை நிறுத்துவான். களிமண் கன்னத்தில் லேசாக ஒரு விரல் ரேகை தெரியும். "தோ பாரு, செஞ்சவன் கை. ஒவ்வொரு வாட்டியும் தொட்டு நவுத்திகினே இருந்திருக்கான்." மற்றவர்கள் தலையணையை எறிவார்கள். நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்கிவிட்டு வந்த எனக்கு மட்டும் அந்தப் பொறுமை கொஞ்சம் புரிந்தது.

படம் பார்த்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலை ஷிப்ட்டுக்கு நான் எழுந்திருப்பதில்லை என்று எனக்கென ஒரு இயந்திரம் செய்தான். அலாரம் அடித்தால் போன் அதிர்ந்து அதிர்ந்து அலமாரி விளிம்புக்கு நகரும். அங்கிருந்து ஒரு துணிப்பைக்குள் விழும். பையின் கனத்தில் கயிறு இழுபட்டு என் போர்வை உருவப்படும். ஒருநாள் போர்வையோடு லுங்கியும் போயிற்று. கம்பெனி பஸ்ஸில் ஒரு மாதம் அதே பேச்சு. அந்தப் படங்களில் இயந்திரம் தறிகெட்டுப் போகும்போது நாய் பாய்ந்து வந்து காப்பாற்றும். எங்கள் அறையில் அப்படி ஒரு நாய் இல்லை.

கம்பெனியில் அவனுக்கு மூலையில் வேலை. சீட்டுக்கான இரும்புத் துண்டுகள் நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு லைனுக்குப் போக வேண்டும், காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் டிரெய்னிங் முடிகிற நேரம். பர்மனென்ட் ஆனால் தங்கலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். செய்யாறில் அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண் வீட்டாரும் பர்மனென்ட் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தார்கள். "நல்ல கைசன் ஒண்ணு போடு சம்பத்து. உனக்காக நான் பேசறேன்" என்றார் சூப்பர்வைசர். வேலை செய்கிறவனே வேலையைச் சுலபமாக்க யோசனை சொல்வதற்கு எங்கள் பக்கம் கைசன் என்று பெயர். நன்றாக இருந்தால் பரிசும் உண்டு.

இவனிடம் போய் அதைச் சொல்லலாமா? கழித்துப் போட்ட ரோலர்கள், சைக்கிள் கடையிலிருந்து ஒரு கப்பி, கொஞ்சம் கயிறு. சரிவில் வைத்தால் நிறைந்த பெட்டி தானாக உருண்டு லைனுக்குப் போகும். போகிற வேகத்தில் காலிப் பெட்டியை மேலே இழுத்துக்கொண்டு வரும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. முதல் பெட்டி போய், காலிப் பெட்டி ஆடி அசைந்து திரும்பி வந்தபோது நாங்கள் விசில் அடித்தோம். அப்படி ஒரு அழகு.

மேனேஜர்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். "இதனால எத்தனை பேர் மிச்சம்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரு ஆள் மிச்சம் சார்!" என்றான் சம்பத், நெஞ்சை நிமிர்த்தி.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவனும் எங்களோடு சேர்ந்து தட்டினான். அந்த ஒரு ஆள் யார் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சத்தியமாக எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹாட்பாக்ஸ் ஒன்று பரிசு கொடுத்தார்கள், நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டினார்கள். பர்மனென்ட் பட்டியலில் என் பெயர் வந்தது, அவன் பெயர் வரவில்லை. அந்த மூலையில் இனி ஆள் தேவையில்லையாம். கேட்கப்போன சூப்பர்வைசர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். "நாந்தான் சொன்னேன் இல்ல, ஒரு ஆளுன்னு" என்று சம்பத் சிரித்தான். அன்றும் போர்டில் அவன் போட்டோ அப்படியே இருந்தது.

சில வருடம் கழித்துக் கார் மாடல் மாறியது. புதுப் பெட்டி பெரியது, சரிவில் உருளவில்லை. அவன் இயந்திரத்தை வெட்டி ஸ்கிராப்பில் போட்டுவிட்டு, மூலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். வெளியே ஓடிப்போய் சம்பத்துக்குப் போன் போட்டேன். ஏதோ அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"வெட்டிட்டாங்களா? அந்தக் கப்பியவாச்சும் எடுத்து வெச்சிருக்கலாமேபா."

"அத வுடுறா. உன் எடத்துக்கு ஆள் கேக்குறாங்க. வரியா?"

"தூக்கற வேலதான? முடியாதுபா. முதுகு போயிட்ச்சு."

அதற்குப் பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. நாங்கள் இருந்த மாடியை இடித்து டைல்ஸ் கடை கட்டிவிட்டார்கள். அவனுக்குப் பார்த்து வைத்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது என்று யாரோ சொன்னார்கள். கம்பெனியில் அந்த மூலையைச் சுற்றி இப்போது மஞ்சள் கம்பி வேலி. உள்ளே ரோபோ ஒன்று திரும்பித் திரும்பி வேலை செய்கிறது. பெட்டி தூக்க அங்கே யாரும் வேண்டாம்.