கம்பைலர் விட்ட வரி

ஹேமநாத் இறந்துபோன செய்தி காலை டீ வரும் நேரத்தில் கம்பெனிக்கு வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கிரேன்களுக்கு கன்ட்ரோல் போர்டு செய்யும் சின்னக் கம்பெனி அது. தேவதர்ஷினிக்கு அடுத்த இருக்கை அவனுடையது. விடியும்போது நெஞ்சு வலிக்கிறதென்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று அவன் தம்பி போனில் சொன்னான். அவள் சரி என்றாள். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

அவன் அப்பா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர். அவன் அதிகம் பேசமாட்டான். தயிர்சாதத்தை டப்பா மூடியில் கொட்டித்தான் சாப்பிடுவான். புதுக் கிரேனை முதல் தடவை ஓட்டும்போது பொத்தானை வேறு யாரையும் அழுத்தவிடமாட்டான்.

கடைசி மாதங்களில் அவனுக்கு ஒரே பேச்சு. ஓர் உருக்காலையில் அவர்கள் போர்டு மாட்டிய கிரேனின் கொக்கி, உச்சியில் நிற்காமல் மேலே போய் முட்டி, கம்பிவடம் அறுந்தது. யாருக்கும் அடியில்லை. நிற்கச் சொல்லும் வரியைத் தான் எழுதியிருப்பதாகச் சொன்னான் ஹேமநாத். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர்தான், அது தேவையில்லை என்று தானாக முடிவுசெய்து விட்டுவிடுகிறதாம். மாற்றும்போது ஒரு பிழையும் காட்டாது. ஓடும்போதுதான் தெரியும்.

மேலாளர் அப்பாவு நம்பவில்லை. கிரேன் ஆலையில் இருந்தது, இங்கே மேசைமேல் வெறும் போர்டு. உள்ளே நடப்பதை அவருக்குத் திரையில் காட்ட ஹேமநாத் ஒரு வரி சேர்ப்பான். அது சேர்ந்ததும் கம்பைலர் ஒழுங்காக மாற்றிவிடும், தப்பு காணாமல் போகும்.

“இன்னாபா, உன் கம்பைலரு நான் வந்தா மட்டும் மரியாதையா நடந்துக்குதா?”

அப்பாவு கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். ஹேமநாத்தும் சிரித்தான்.

மணவாள நகரில் ஹேமநாத் வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்த மறுநாள், ஆலைக்குப் பதில் எழுதவேண்டும் என்றார் அப்பாவு. பிழை ஊழியருடையது, அவர் இப்போது இல்லை என்று எழுதினால் விஷயம் முடிந்துவிடும். சாயங்காலம்வரை பொறுக்கச் சொன்னாள் தேவதர்ஷினி.

புரோகிராமை அவள் தொடவில்லை. மோட்டாரை நிறுத்தும் ஒயரில் ஒரு பல்பை மாட்டினாள்; போர்டு நிற்கச் சொன்னால் அது எரியவேண்டும். உச்சிக்கு வந்துவிட்டதைச் சொல்லும் சுவிட்சை அப்பாவுவையே அழுத்தச் சொன்னாள். பல்பு எரியவில்லை. திரையில் காட்டும் வரியைச் சேர்த்தாள். எரிந்தது. எடுத்தாள். எரியவில்லை. அப்பாவு இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அன்னிக்கே இப்டி பல்பு மாட்டி காட்டிருந்தா, நான் இன்னா வேணாம்னா சொல்லிருப்பேன்?”

“எங்க ரெண்டு பேருக்கும் தோணல சார்.”

பதிலில் ஹேமநாத்தின் பெயர் வரவில்லை. பிழை கம்பைலருடையது என்று போயிற்று. தனக்கு அழுகை வருமென்று தேவதர்ஷினி நினைத்தாள், வரவில்லை.

கம்பைலர் செய்தவர்களுக்குப் புகார் அனுப்ப, தப்பு மறையாத மிகச் சின்னப் புரோகிராமாக அதைக் குறைத்துக் கொடுக்கவேண்டும். ஒரு வரியை வெட்டி, ஓட்டி, தப்பு இருக்கிறதா என்று பார்த்து, அடுத்ததை வெட்டவேண்டும். ஹேமநாத் பாதிவரை வெட்டி வைத்திருந்தான். அடுத்த வரியை அவள் வெட்டினாள்.