இரண்டு கன்னத்துக்கு இரண்டு டப்பா

என் மருமகள் முகத்துக்குப் பூசும் கிரீம் செய்கிற கம்பெனியில் சோதனைக்காரி. புதுச் சரக்கு எது வந்தாலும் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா, சொன்ன வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மறப்பாள், குழாயை மூட மறப்பாள். டப்பாவைத் திறந்துவிட்டால் மட்டும் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி ஆகிவிடுவாள்.

என் மகன் கப்பல் வேலைக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். புருஷன் செத்தபிறகு என் மேல் பட்ட கை டாக்டர் கை ஒன்றுதான். அப்படியிருக்க, ஒரு சாயங்காலம் அவள் வந்து நின்றாள்.

“அத்தை, முகம் கழுவிட்டு வந்து உக்காருங்க.”

மோதிர விரலால் மெல்ல மெல்லத் தடவினாள். இடது கன்னத்துக்கு ஒரு டப்பா, வலது கன்னத்துக்கு ஒரு டப்பா.

“ஏம்மா ரெண்டு?”

“ஒண்ணு தீரப்போகுது அத்தை.”

கொஞ்ச நேரம் காயவிட்டு, போனில் படம் பிடித்தாள். “உங்க மகனுக்கு அனுப்புறேன்.”

தினமும் இதுவே நடந்தது. நானும் படத்துக்காகத் தலை சீவி, பவுடர் போடாமல், கண்ணை மூடி உட்கார்ந்தேன். மகளைப் பெறாத குறை தீர்ந்தது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் முதலில் சிரித்தாள்.

“என்னக்கா கோலம் இது? இந்தப் பக்கம் கல்யாணப் பொண்ணு, அந்தப் பக்கம் அவளைப் பெத்த கிழவி!”

கண்ணாடியைப் பார்த்தேன். இடது கன்னம் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்திருந்தது. சிரித்தால் அந்தப் பக்கம் வாய் வரமாட்டேன் என்றது. தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். வெள்ளையாய் உரிந்து வந்தது. மேயப்போன மாடு வீடு திரும்பின மாதிரி சுருக்கமெல்லாம் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

அன்றைக்கு மகன் போன் பண்ணினான். எடுத்ததும் கேட்டேன்.

“தினமும் என் படத்தைப் பாக்குறியே, ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போவே?”

“எந்தப் படம்மா?”

மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். அவள் மழுப்பவில்லை.

“பாலிமர்னு ஒண்ணு அத்தை. கிரீம்ல அதிகம் பேர் சேர்க்காத புதுச் சரக்கு. காஞ்சதும் மெல்லிசா ஒட்டிக்கிட்டு சுருக்கத்தை இழுத்துப் பிடிக்கும். இடது பக்கம் அது இருக்கிற கிரீம், வலது பக்கம் இல்லாதது. அப்பதான் வித்தியாசம் தெரியும்.”

“அதுக்கு என் மூஞ்சிதான் கிடைச்சுதா?”

“கம்பெனிக்கு வர்றதெல்லாம் சின்னப் பொண்ணுங்க. சுருக்கத்துக்கு நான் எங்க போவேன்? சொல்லிட்டுப் பூசினா மூஞ்சிய விறைப்பா வச்சுப்பீங்க.”

“கேட்டிருந்தா கழுத்தையும் சேத்துக் கொடுத்திருப்பேனேடி! அவன் பாக்குறான்னு தலை சீவிக்கிட்டு உக்காந்தேனே!”

அவள் கழற்றின செருப்பைச் சுவரோரம் சேர்த்து வைத்தாள்.

“சரி, உன் சரக்கு தேறுச்சா?”

“தண்ணி பட்டா உரிஞ்சுடுது. தேறல அத்தை.”

“நீயும் தேறல, போ.”

மறுநாள் ஒரே டப்பாவோடு வந்தாள். “இது சாதா கிரீம்தான் அத்தை. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.”

உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. நாலு இழுப்பு இழுத்தாள். காதோரம் அப்பினது அப்பினபடியே இருக்க, பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிட்டாள். சோதனைக்குத் தடவியபோது மயிரிழை இடம்கூட விடாத விரல் அது.

மிச்சத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.