மச்சானின் மூச்சு

யுத்த காலத்தில் என் மனைவியின் தம்பிக்கு ஆவடி ராணுவ முகாமில் வேலை கிடைத்தது. சிப்பாய்கள் விளையாடும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை. அதற்கே ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் நான் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டவன் அல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஏர், மாடு, வெள்ளிக்கிழமை திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு நடை, இவ்வளவுதான் என் உலகம். எனக்கென்று ஒரு பெருமை இருந்தால், அது சடுகுடுவில் தீர்ப்புச் சொல்வது.

காணும் பொங்கலன்று கூவம் ஆற்று மணலில் எங்களுக்கும் திருமழிசைக்காரர்களுக்கும் ஆட்டம் நடக்கும். பாடிக்கொண்டு போகிறவன் எதிராளியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால், தொடப்பட்டவன் வெளியே போய் உட்கார வேண்டும். போன இடத்தில் மூச்சு அறுந்தால் பாடியவனே உட்கார வேண்டும். அங்கே ஒருவன் உட்கார்ந்தால் இங்கே ஒருவன் எழுந்து வரலாம். ஆனால் அந்தக் கூச்சலில் மூச்சு அறுந்ததா என்று யாருக்குக் கேட்கும்? அதற்காகவே ஒருவனைத் தேர்ந்து, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, "காதுல கேட்டதைத்தான் சொல்லுவேன்" என்று சத்தியம் வாங்குவார்கள். பிறகு அவன் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. ஆறு வருஷமாக அந்தக் கை என் கைதான்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் ஒரு விசிலுமாக வருவான். களத்துமேட்டில் கூட்டம் கூடிவிடும்.

"புட்பால்ல, கோல் கம்பத்தாண்ட நாங்க போடற கட்டத்துக்குள்ள எவனாச்சும் எதிராளி காலைத் தட்டிவுட்டா பெனால்டி. பந்தைப் புள்ளில வெச்சி ஒருத்தன் ஒதைப்பான், ஒருத்தன்தான் தடுக்கணும். மத்தவன்லாம் தள்ளி நின்னு பாத்துகினு இருக்கணும்."

"கிரிக்கெட்டுல இன்னா அண்ணாத்தே?"

"குச்சிக்கு நேரா வர்ற பந்தைக் கால்ல மறைச்சா அவுட்டு. ஆனா அம்பயருக்குச் சந்தேகம்னா ஆடறவன் பக்கம்தான் சொல்லணும்."

"நம்ம மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமாவுக்கு இன்னாத்துக்குடா விசிலு? அவரு காதே போதும்" என்றான் மச்சான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு முள்ளாகக் குத்தியது. வீட்டுக்கு வந்தால் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, "அடுத்த வருசம் என் தம்பியே தீர்ப்பு சொல்லட்டும்னு பேசிகினு கீறாங்க" என்றாள். அவள் முகத்தில்தான் எத்தனை பூரிப்பு! பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டேன்.

அந்தப் பொங்கலுக்குக் கற்பூரம் என் கையில்தான் எரிந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட, மிஞ்சியவன் மச்சான் ஒருவன். பாடிக்கொண்டு போனான். இரண்டு பேரைத் தொட்டான். அவர்கள் அவன் காலைப் பிடித்துக் கவிழ்த்தார்கள். இருவரையும் இழுத்துக்கொண்டு மணலில் ஊர்ந்து வந்து கோட்டில் விரலை வைத்தான். நான் குனிந்து அவன் வாயருகே காதை வைத்திருந்தேன். "குடுகுடுகுடு" என்று நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அறவில்லை. எனக்குச் சந்தேகம்கூட இல்லை.

"மூச்சு போச்சு" என்றேன்.

மச்சான் என்னை ஒரு முறை பார்த்தான். எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, வெளியே போய் உட்கார்ந்தான்.

திருமழிசைப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து என் தோளில் துண்டைப் போர்த்தினார். "சொந்த மச்சானையே அவுட்டுன்னு சொன்னியே நைனா! ஒன்ன மாதிரி ஒரு மனுசன் பூந்தமல்லி வரைக்கும் தேடினாலும் கெடைக்க மாட்டான்!"

அந்தத் துண்டை நான் ஒரு நாளும் கட்டவில்லை.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். முகத்தில் கோபமே இல்லை. "எனக்கு மூச்சு இருந்தாப்புலதான் தோணிச்சி மாமா. உங்களுக்குக் கேக்கலன்னா இல்லதான்" என்றான்.

"ஏன்டா, தப்பாச் சொன்ன அம்பயருக்கு அங்க இன்னா தண்டனை?"

அவன் சிரித்தான். "அவருக்கு ஏது மாமா தண்டனை? விசிலு அவராண்டதானே கீது!"

அடுத்த பொங்கலுக்குக் கற்பூரத்தை நீட்டியபோது என் கை விரியவில்லை. "எனக்குக் காது மந்தமாயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். கற்பூரம் மச்சான் கைக்குப் போனது. அவன் தீர்ப்பில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. எப்போது சறுக்குவான் என்று பார்த்துக்கொண்டே, தோற்றவர்கள் உட்காரும் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எரிச்சல் அப்போதும் தீரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மனிடம் நடந்ததைச் சொல்கிறேன். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் என்னிடம் உரக்கத்தான் பேசுகிறார்கள். மச்சான் மட்டும் என் காதருகே குனிந்து, "மாமா, கேக்குதா?" என்பான்.

கேட்கிறது. அன்றும் கேட்டது.