இரண்டு இடக்கொம்புகள்

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்த அன்று, என்னை விளக்கேற்றச் சொல்வதற்கு முன்பே என் மாமனார் காட்டியது அவருடைய மான்கொம்பைத்தான். கூடத்துச் சுவரில், பாலிஷ் போட்ட பலகையில், பித்தளைப் பட்டையால் பிணைத்து மாட்டியிருந்தது. "பச்சைமலையில ஒரே குண்டு. அங்கேயே சாஞ்சிருச்சு. இந்தப் பக்கம் ஒரு கிளை இல்ல பாத்தியா? குண்டு உரசிட்டுப் போன இடம்" என்றார். புதுப் பெண்ணுக்குரிய அடக்கத்தோடு தலையாட்டினேன். ஆனால் நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். கையில் கொடுத்த பாலைக் குடித்து முடிப்பதற்குள் அந்த மனிதர் புளுகர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாட்டுக் கொம்பும் மான் கொம்பும் ஒன்றல்ல. மாட்டுக்கு உள்ளே எலும்பு, வெளியே நகம் போன்ற உறை. அது ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். புள்ளிமானின் கொம்பு முழுக்க எலும்பு. வளரும்போது ரோமம் படர்ந்த மெல்லிய தோல் மூடியிருக்கும், அதில் ரத்தம் ஓடும். முற்றியதும் தோல் காய்ந்துவிட, மான் மரத்தில் தேய்த்துத் தேய்த்து உரித்துப் போடும். பிறகு ஒருநாள் கொம்பும் தானாகக் கழன்று விழும், மறுபடி முளைக்கும். மண்டையிலிருந்து எழும் எலும்பு முளையின் மேல்தான் கொம்பு நிற்கிறது. சேரும் இடத்தில் முத்து முத்தாக ஒரு சொரசொரப்பான வளையம் இருக்கும். மானைக் கொன்று கொம்பை எடுப்பவன் மண்டையோட்டோடு சேர்த்து வெட்டி எடுப்பான், இல்லையென்றால் அந்த முளையையாவது அறுத்தாக வேண்டும். தானாக விழுந்த கொம்பு வளையத்தோடு முடிந்துவிடும். அடிப்பகுதி லேசாகப் புடைத்து, வெட்டுத் தடம் இல்லாமல் இருக்கும். மாமனாரின் கொம்புகள் இரண்டுக்கும் அடி அப்படித்தான் இருந்தது. காட்டில் குனிந்து பொறுக்க முதுகு வளைந்தால் போதும், துப்பாக்கி வேண்டாம்.

அதோடு போனாலும் பரவாயில்லை. வளையத்துக்குச் சற்று மேலே நெற்றிக்கு முன்னால் நீளும் ஒரு கிளை உண்டு. அதைத் தாண்டித் தண்டு வெளிப்புறமாக வளைந்து உயர்ந்து, மேலே இரண்டாகப் பிரியும். இந்த வளைவை வைத்தே இடக்கொம்பா வலக்கொம்பா என்று சொல்லிவிடலாம். சுவரில் இருந்தவை இரண்டும் இடக்கொம்புகள். எங்கெங்கோ இரண்டு மான்கள் உதிர்த்தவை. இரண்டு இடது கால் செருப்பை ஜோடி என்று மாட்டிக்கொண்டு திரிவதுபோல. ஒன்றைத் திருப்பி வைத்தால் வலக்கொம்பு மாதிரி தெரியும், ஆனால் அதன் முன்கிளை சுவரில் போய் இடிக்கும். அதனால் அந்தக் கிளையை அறுத்துத் தள்ளியிருந்தார்கள். குண்டு உரசிய இடமாம்! ரம்பத்தின் பல் தடம் பளிச்சென்று தெரிந்தது.

சமையலறையில் மெதுவாக என் மாமியாரிடம், அத்தையிடம், பேச்செடுத்தேன். முசிறிப் பக்கத்து வாழைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண் அவர், அதிகம் பேசமாட்டார். "எனக்குத் தெரியாதாம்மா? துறையூர்ல தேன் விக்க வந்த ஆளுகிட்ட வாங்கினது. ஆசாரி அறுக்கறப்ப ஆடாம பிடிச்சுக்கிட்டதே நான்தான். விடு, எதையோ சொல்லிட்டுப் போறாங்க" என்றார். அத்தைக்காக விட்டேன்.

மாமனார் விடவில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கை பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கியதாகச் சாட்சி கிடையாது. ஆனாலும் வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் "மான் சுட்ட கை இது" என்று முடித்துவிடுவார். என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே நாயைக் கண்டால் பயம். அதை விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அத்தை ஏதாவது அபிப்பிராயம் சொன்னால், "துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கியா நீ?" என்பார். என் வேலைக்கு அவர் வைத்திருந்த பெயர் தவளை அறுக்கிற படிப்பு. மாமனார் என்ற மரியாதையை வாயளவில் காப்பாற்றினேன். மனதுக்குள் அவரை ஒரு நாளும் மதித்ததில்லை.

எழுபதாவது பிறந்தநாளுக்குப் பட்டு வேட்டி கட்டி, கொம்புக்குக் கீழே நாற்காலி போட்டு அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். "இளமையில் நான் வேட்டையாடிய மான்" என்று எழுதி, தெரிந்த வாட்ஸப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். பூங்கொத்துகளும் கைகூப்பல்களும் வந்து குவிந்தன. அந்த வாரமே வனத்துறை ஜீப்பும் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் படத்தை அங்கேயும் அனுப்பியிருக்கிறார்.

ரேஞ்சர் இளம்பெண். தன் போனில் இருந்த படத்தைக் காட்டி, "நீங்க சுட்டதா சார்? இதுக்கு ஜெயில் உண்டு, தெரியுமில்ல?" என்று மரியாதையாகவே கேட்டார். மாமனாரின் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு கூடிவிட்டார்கள். அப்போது அவர் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது என் சம்சாரம் பொறந்த வீட்டுலேருந்து கொண்டாந்தது. எதுவானாலும் அவளைக் கேளுங்க."

மான் சுட்ட கை பெண்டாட்டியைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றது. ரேஞ்சர் அத்தையின் பக்கம் திரும்பினார். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இல்லைங்க. அவங்க சுட்டதுதான். பச்சைமலையில, ஒரே குண்டு. இந்தத் தெருவுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

வாசலில் நின்றவர்கள் ஒருமனதாகத் தலையாட்டினார்கள். எத்தனை முறை கேட்ட கதை!

மாமனார் என்னிடம் ஓடி வந்தார். "ஏம்மா, நீ படிச்சவ. நான் சுடலைன்னு நீ சொல்லும்மா!" அவரை அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, ஒளிப்பானேன். ஆனால் பொய்க்குத் துணை போக என் படிப்பு இடம் தரவில்லை. பலகையைக் கழற்றி மேசையில் வைத்து, வகுப்பில் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வளையம், அதன் கீழ் வெட்டுப்படாத அடி, இரண்டும் இடக்கொம்பு, ஒன்று திருப்பி வைத்தது, இது குண்டல்ல ரம்பம். ஒவ்வொன்றுக்கும் மாமனார், "ஆமாங்க, ஆமாங்க, கரெக்டு" என்று தவளை அறுக்கிற படிப்புக்குத் தாளம் போட்டார். வாசலில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ரேஞ்சர் கொம்பின் அடியைத் தடவிப் பார்த்து, "மேடம் சொல்றது சரிதான். ஆனா விழுந்ததா இருந்தாலும் வீட்டுல வெச்சுக்கக் கூடாது சார்" என்று சொல்லி, கொம்புகளை எடுத்துக்கொண்டு போனார். பிறகு மாமனார் வனத்துறை ஆபீசுக்கு நடையாய் நடந்து, அபராதத்தோடு தப்பித்தார்.

அன்று ஜீப் தெரு முனை திரும்பியதும் அவருக்குக் குரல் திரும்பி வந்தது. "என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியாடி? பொய் சொல்றியா பொய்?" என்று அத்தையிடம் பாய்ந்தார்.

"நான் எங்க பொய் சொன்னேன்? நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்" என்றார் அத்தை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, எனக்கும் தனக்கும் இலை போட்டார்.

தனக்குக் கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக மாமனார் அன்று தானே தட்டை எடுத்து, தானே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இன்றுவரை அப்படித்தான் சாப்பிடுகிறார்.